அழைப்பும் தகுதியும்



மிதிவண்டியை அறியாதார் நம்மில் எவரும் இலர். பள்ளிக்குப் போகவும், சந்தைக்குப் போகவும், ஏழை எளியவர்க்குத் துணை நிற்கும் ஊர்தி அது. அந்த எளிய ஊர்தியின்மேல் ஏறி, மலையும் சமவெளியும் கடந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் பெரும் பந்தயங்கள் ஐரோப்பாவில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றன. அவற்றில் வென்றவர்களின் பெயர்களை நீங்கள் நாளேடுகளில் படித்திருக்கலாம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வெற்றிக்கு முந்திய ஒரு நிலையைப் பற்றி. அப்பந்தயங்களில் ஓடுவதற்கு யாரை அழைப்பது, யாரை விடுப்பது என்பதை முடிவு செய்பவர் யார்? எந்த அளவுகோலைக் கொண்டு முடிவு செய்கிறார்?

வெற்றி தோல்வியைக் கால்களின் வலிமையும் நெஞ்சுரமும் முடிவு செய்யும். தொடக்கக் கோட்டில் நிற்கும் உரிமையையோ, மேசையைச் சுற்றி அமர்ந்த சிலர் முடிவு செய்கின்றனர். தகுதிக்கும் தயவுக்கும் இடையே பல துறைகளில் நடைபெறும் வழக்கு இங்கும் நடைபெற்றிருக்கிறது. நாளை ஏதேனும் ஒரு வாயிலின்முன் அழைப்பை எதிர்பார்த்து நிற்கப்போகும் உங்களுக்கு இவ்வழக்கின் வரலாறு பயன்படும் என்று கருதுகிறேன்.

முதலில் பந்தயத்தின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். இவ்வகைப் பந்தயங்களுள் தலையாயது பிரான்சு நாட்டின் 'டூர் டி பிரான்ஸ்' என்பது. இத்தாலியின் 'ஜிரோ', ஸ்பெயினின் 'வுவெல்ட்டா' ஆகிய இரண்டும் அதற்கு அடுத்தவை. ஒவ்வொன்றும் மூன்று வார காலம் நடைபெறும். நாளுக்கு ஒரு கட்டமாக 21 கட்டங்கள். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். பரிசு பெறுவோர் தனி மனிதரே ஆயினும், ஓடுவது அணி அணியாகத்தான். ஒருவர் முன்னே சென்று காற்றைத் தாங்கிக்கொண்டால், அவர் பின்னே ஒட்டி வருபவருக்கு உழைப்பு வெகுவாகக் குறைகிறது. ஆகவே தலைவனுக்காகக் காற்றைத் தாங்கவும், நீர்ப்புட்டிகளைச் சுமந்து கொடுக்கவும், வேண்டுமானால் தம் வண்டியையே கழற்றிக் கொடுக்கவும் துணைவர் எழுவர் உடன் ஓடுவர். அணியில்லாத வீரன் எவ்வளவு வல்லவனாயினும் மூன்று வாரம் தாக்குப் பிடித்தல் அரிது.

பந்தயம் ஓடுவது அரங்கினுள் அன்று. மக்கள் நடமாடும் சாலைகளிலும், மலைப்பாதைகளிலும், சிற்றூர்களின் குறுகிய தெருக்களிலும் ஓடுகிறது. வீரர்களுக்குப் பின்னே அணிகளின் கார்கள், மருத்துவர், நடுவர், செய்தியாளர் என்று ஒரு பெரிய ஊர்வலமே வரும். எனவே வீரர் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை வேண்டும். முன்பு அணிக்கு ஒன்பது பேர் ஓடினர். நெரிசலையும் விபத்தையும் குறைக்கக் கருதி 2018-ஆம் ஆண்டு முதல் அதனை எட்டாகக் குறைத்தனர். 22 அணிகள் என்றால் 176 பேர். பந்தியில் இலைகள் இத்தனைதான் என்று எண்ணி வைத்த பின்பு, உட்காரத் துடிப்போர் அதனினும் பலராயின், தேர்வு என்பது தவிர்க்க முடியாததாகிறது.

தொடக்கத்தில் நிலைமை இவ்வாறு இல்லை. டூர் பந்தயம் 1903-ஆம் ஆண்டு பிறந்தது. 'லோட்டோ' என்னும் விளையாட்டு நாளேட்டின் ஆசிரியர் ஆன்ரி தெக்ராஞ்ச், தம் ஏட்டின் விற்பனையைப் பெருக்குவதற்காக அதனைத் தொடங்கினார். முதலில் நுழைவுக் கட்டணம் 20 பிராங்கு என்று அறிவித்தார். பெயர் கொடுத்தவர் மிகச் சிலரே. பின்னர்ப் பந்தய நாளைத் தள்ளிவைத்து, கட்டணத்தையும் பாதியாக்கிய பிறகே ஆள் சேர்ந்தது. ஜூலை முதல் நாள் 60 பேர் புறப்பட்டனர். 21 பேர் முடித்தனர். மொரீஸ் கரேன் என்பவர் வென்றார். அன்று, பணம் கட்டியவர் ஓடலாம் என்பதே விதி. அழைப்புக்காக வீரர் காத்திருக்கவில்லை. வீரருக்காக அழைப்புத்தான் காத்திருந்தது.

பந்தயம் புகழ் பெற்றதும் காற்று திசை மாறிற்று. மிதிவண்டி செய்யும் நிறுவனங்கள் வீரர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, அணி கட்டி, தம் வண்டியின் பெயரை விளம்பரம் செய்தன. தெக்ராஞ்சுக்கு இது பிடிக்கவில்லை. வீரனின் திறம் வெல்லவேண்டிய இடத்தில் நிறுவனத்தின் சூழ்ச்சி வெல்கிறது என்று அவர் மனம் கசந்தார். 1929-இல் மோரிஸ் தெ வாலே என்னும் பெல்ஜிய வீரர் நோயுற்ற நிலையிலும் தம் அணியினர் தாங்கிப் பிடித்து ஓட்டியதனால் வென்றபோது, அக்கசப்பு எல்லை கடந்தது. மறு ஆண்டே நிறுவன அணிகளை நீக்கிவிட்டு, பிரான்சு, பெல்ஜியம், இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி என ஐந்து நாட்டு அணிகளை, அணிக்கு எட்டுப் பேராக அழைத்தார். எல்லாருக்கும் பெயர் பொறிக்காத மஞ்சள் நிற வண்டிகளைத் தாமே கொடுத்தார். அச்செலவை ஈடுகட்டவே, பந்தயத்தின் முன்னால் விளம்பர வண்டிகள் ஊர்வலம் போகும் வழக்கத்தை அவ்வாண்டு புகுத்தினார். அது இன்றும் நடக்கிறது.

நாட்டு அணிமுறை 1961 வரை நீடித்தது. அதற்குள் உலகம் மாறிவிட்டது. மக்கள் மோட்டார் வண்டிக்குத் தாவியதனால் மிதிவண்டி நிறுவனங்கள் நலிந்தன. வேறு தொழில் செய்வோர் அணிகளைத் தாங்க முன்வந்தனர். 1954-இலேயே 'நிவியா' என்னும் முகப்பூச்சு நிறுவனம் இத்தாலியில் ஓர் அணிக்குப் பெயர் கொடுத்திருந்தது. ஆண்டு முழுதும் சம்பளம் கொடுப்பவர் ஒருவர், பெரும்பந்தயத்தில் நாட்டின் பெயரால் ஓடுவது மற்றொருவருக்காக என்னும் நிலை எத்தனை நாள் நிற்கும்? 1962-இல் நிறுவன அணிகள் திரும்பி வந்தன. 1967, 1968 ஆகிய ஈராண்டுகளில் மட்டும் நாட்டு அணிகளை மீண்டும் அழைத்துப் பார்த்தனர்; பின்பு அம்முறையைக் கைவிட்டனர்.

இங்கே நீங்கள் ஒன்றைக் கூர்ந்து கவனிக்கவேண்டும். கால்பந்து ஆட்டத்தில் நுழைவுச் சீட்டு விற்ற பணம் உண்டு. சாலையில் நடக்கும் இப்பந்தயத்துக்கு நுழைவுச் சீட்டு ஏது? வேலியோரம் நிற்கும் இலட்சக்கணக்கான மக்கள் காசின்றியே காண்கின்றனர். தொலைக்காட்சி உரிமைக்கு வரும் பணம் பந்தயம் நடத்துவோரைச் சேர்கிறது. அணியின் பிழைப்போ, சட்டையில் பெயர் பொறித்துக்கொள்ளும் புரவலரின் பணத்தினால் நடக்கிறது. அப்புரவலர் பணம் கொடுப்பது, தம் பெயர் ஜூலை மாதத்தில் உலகத்தார் கண்ணில் படும் என்னும் நம்பிக்கையில்தான். சிறிய அணியின் வீரன் ஒருவன் பந்தயம் தொடங்கியவுடனே கூட்டத்தைப் பிரிந்து, பிடிபடுவது உறுதி என்று தெரிந்தும், நாள் முழுதும் தனியே முன்னால் ஓடுவதைப் பார்க்கலாம். அவன் அறியாமையால் ஓடவில்லை. அத்தனை மணி நேரமும் படப்பிடிப்புக் கருவி அவன் சட்டையையே காட்டிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டம் மறு ஆண்டு அணியில் இருக்கும் முப்பது நாற்பது குடும்பங்களுக்குச் சோறு போடலாம். ஆகவே, அழைப்பு வராத அணிக்கு இழப்பு ஒரு பந்தயம் மட்டும் அன்று. சில வேளைகளில் அணியின் உயிரே போய்விடும்.

நெடுங்காலம் இவ்வழைப்புப் பெரும்பாலும் பந்தயம் நடத்துவோரின் விருப்பப்படியே இருந்தது. அவர்கள் என்னென்ன எண்ணிப் பார்ப்பார்கள்? வந்தால் கூட்டம் சேர்க்கும் புகழ்பெற்ற வீரன் அணியில் இருக்கிறானா? அணி துணிந்து தாக்கி ஓடுமா, கூட்டத்தில் ஒளிந்து வருமா? ஊக்க மருந்துக் குற்றச்சாட்டு உண்டா? தம் நாட்டு அணிகளுக்கு இடம் கொடுத்தோமா? பந்தயம் புறப்படும் நாட்டினரை மகிழ்வித்தோமா? இவற்றுள் சில நேர்மையான கேள்விகள். சில வணிகக் கேள்விகள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தால் சில வேளை வியப்பான முடிவுகள் வரும்.

2003-ஆம் ஆண்டு டூர் பந்தயத்தின் நூற்றாண்டு விழா. அவ்வாண்டு உலக வெற்றிவீரனுக்குரிய வானவில் பட்டைச் சட்டையை அணிந்திருந்தவர் இத்தாலியின் மாரியோ சிப்பொலீனி. விரைவோட்டத்தில் நிகரற்றவர். எனினும் அவருடைய அணிக்கு அழைப்பு வரவில்லை. உலகத்துக்கே முதல்வன் வாயிலுக்கு வெளியே நின்றான்.

அதே விருப்பத்தின் மறுமுகத்தையும் சொல்லவேண்டும். 1983-இல் டூர் நடத்துவோர், சம்பளம் பெறாத வீரர்களுக்கும் வாயிலைத் திறந்தனர். தென் அமெரிக்காவில் ஆண்டீசு மலைத் தொடரைச் சார்ந்த கொலம்பியா நாட்டிலிருந்து ஓர் அணி வந்தது. ஐரோப்பியப் பந்தயக் கூட்டத்தின் நெரிசலும் குறுக்குக் காற்றும் அவர்களுக்குப் பழக்கமில்லாதவை. மலையேற்றம் என்றால் அவர்களுக்குத் தாய்ப்பால். மறு ஆண்டே லூயிசு எரேரா என்னும் கொலம்பிய இளைஞர், சம்பளம் பெறாத வீரராகவே ஓடி, ஆல்ப் துவேசு என்னும் புகழ்பெற்ற மலையுச்சிக் கட்டத்தை வென்றார். 1987-இல் ஸ்பெயினின் வுவெல்ட்டாவையே வென்றார். அவர் வழியைக் கண்டு ஒரு நாடே மிதிவண்டியில் ஏறிற்று என்று சொல்லலாம். 2019-இல் ஏகன் பெர்னால் டூர் பந்தயத்தை வென்ற முதல் கொலம்பியரானார். 1983-இல் திறந்த கதவுக்கும் இவ்வெற்றிக்கும் இடையே 36 ஆண்டுகள். 1983-இல் எந்தத் தரவரிசைப் பட்டியலைப் புரட்டினாலும் அக்கொலம்பியர்களுக்கு இடம் கிடைத்திருக்காது.

ஆக, நடத்துவோரின் விருப்பம் சிப்பொலீனியைத் தடுத்தது, எரேராவை வரவேற்றது. நன்மையும் தீமையும் ஒரே கையிலிருந்து வந்தன. இதனைக் கண்டு, விருப்பத்துக்கு இடம் கொடாமல் விதியால் ஆளவேண்டும் என்று எண்ணியது உலக மிதிவண்டிச் சங்கம். 1900-இல் பாரிசில் தோன்றி, இன்று சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரிலிருந்து இவ்விளையாட்டை ஆளும் அமைப்பு அது. 2005-இல் 'புரோ டூர்' என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தது. இருபது அணிகளுக்கு உரிமம். உரிமம் பெற்ற அணிக்குப் பெரும்பந்தயங்கள் அனைத்திலும் ஓடும் உரிமை உண்டு, கடமையும் உண்டு. அணிகள் மகிழ்ந்தன. மூன்று வாரப் பந்தயங்களை நடத்துவோர் சினந்தனர். 'பந்தயம் எங்களுடையது, விருந்தினரை நீங்கள் எவ்வாறு குறிக்கலாம்?' என்பது அவர்கள் வாதம். இரு தரப்பினரும் விட்டுக்கொடுக்கவில்லை. யானைகள் பொருதினால் கீழே இருக்கும் புல் அன்றோ நசுங்கும்?

முதலில் நசுங்கியது 'யூனிபெட்' என்னும் அணி. 2007-ஆம் ஆண்டுக்கு அதன் கையில் சங்கத்தின் உரிமம் இருந்தது. ஆனால் அதன் புரவலர் பந்தயப் பணம் கட்டும் சூதாட்ட நிறுவனம். அத்தகைய விளம்பரத்துக்குப் பிரெஞ்சுச் சட்டம் இடம் தரவில்லை. உரிமத் திட்டத்தையே எதிர்த்த மூன்று பெரும் பந்தயத்தாரும் அவ்வணிக்குக் கதவை அடைத்தனர். உரிமம் கையில், ஓட இடமில்லை. ஆண்டின் இறுதியில் புரவலர் விலகினார்; அணி கலைந்தது. தவறு ஏதும் செய்யாத வீரர்கள் வேறு வேலை தேடினர்.

மறு ஆண்டு இன்னும் வியப்பான செய்தி. 2007-இல் டூர் பந்தயத்தை வென்றவர் ஸ்பெயினின் ஆல்பெர்ட்டோ கொன்டாடோர். அவருடைய அணி கலைந்துவிட, அவர் 'அஸ்தானா' என்னும் அணியில் சேர்ந்தார். அந்த அணிக்கு அதற்கு முந்திய ஆண்டு ஊக்க மருந்துக் குற்றத்தால் இழுக்கு நேர்ந்திருந்தது; அணி டூரிலிருந்து இடையிலேயே விலகிற்று. அப்போது கொன்டாடோர் அங்கே இல்லை. நிர்வாகமும் பின்னர் மாறிவிட்டது. எனினும் 2008-இல் அவ்வணியை டூர் அழைக்கவில்லை. சென்ற ஆண்டின் வெற்றிவீரன் தன் பட்டத்தைக் காக்கும் வாய்ப்பையே இழந்தான். அந்த ஆண்டு டூர் பந்தயம் உலகச் சங்கத்தின் ஆளுகைக்கு வெளியே, பிரெஞ்சு மிதிவண்டிச் சம்மேளனத்தின் துணையோடு நடந்தது என்றால், பிணக்கு எவ்வளவு முற்றியிருந்தது என்பது விளங்கும்.

கொன்டாடோர் என்ன செய்தார்? இத்தாலியின் ஜிரோவும் அவ்வணியை முதலில் அழைக்கவில்லை. தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் இருக்கும்போது மனம் மாறி அழைத்தது. விடுமுறையில் கடற்கரையில் இருந்தவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். ஒரு கட்டத்தைக்கூட வெல்லாமலே, நாள்தோறும் நேரத்தைக் காத்து, ஜிரோவை வென்றார். அதே ஆண்டு ஸ்பெயினின் வுவெல்ட்டாவையும் வென்றார். அவர் பிற்கால வாழ்வில் ஊக்க மருந்து வழக்கில் பட்டங்களை இழந்தது வேறு கதை; அதனை மறைத்துப் பேசுதல் ஆசிரியனுக்கு அழகன்று. ஆயினும் அந்த 2008-இல் மறுக்கப்பட்ட வாயிலின்முன் நின்று புலம்பாமல், திறந்த வாயிலில் நுழைந்து அவர் ஓடிய ஓட்டம் நினைவில் வைக்கத்தக்கது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் இரு தரப்பினரும் உடன்பாட்டுக்கு வந்தனர். இன்றைய முறை அதிலிருந்து வளர்ந்தது. அதனைச் சுருங்கக் கூறுகிறேன். 'வேர்ல்டு டீம்' எனப்படும் முதல் வகுப்பு அணிகள் 18. விளையாட்டுத் திறம், ஒழுக்கம், பண நிலை, நிர்வாகம், அமைப்பு ஆகிய ஐந்தையும் ஆராய்ந்து இவற்றுக்கு மூன்றாண்டு உரிமம் அளிக்கப்படுகிறது. இவை மூன்று வாரப் பந்தயங்களில் ஓடும் உரிமை உடையவை. ஓடியே தீரவேண்டிய கடமையும் உடையவை. அடுத்து, 'புரோ டீம்' எனப்படும் இரண்டாம் வகுப்பில் சென்ற ஆண்டு புள்ளிக் கணக்கில் தலைநின்ற ஒரு சில அணிகளுக்குத் தானாகவே அழைப்பு உண்டு. எஞ்சியிருக்கும் சில இடங்களுக்கு மட்டும் நடத்துவோர் தம் விருப்பப்படி அழைக்கலாம். இதனை 'வைல்டு கார்டு' என்பர். நாம் விருப்ப அழைப்பு எனலாம்.

2025-ஆம் ஆண்டு டூரை எடுத்துக்கொள்வோம். 18 முதல் வகுப்பு அணிகள்; தகுதியால் வந்தவை லோட்டோ, இஸ்ரேல் பிரீமியர் டெக் என்னும் இரண்டு; விருப்ப அழைப்புப் பெற்றவை யூனோ எக்சு, டியூடர், டோட்டல் எனர்ஜீசு என்னும் மூன்று. ஆக 23 அணிகள், 184 வீரர்கள். வழக்கம்போல் 22 அணிகள்தான் என்றிருந்திருந்தால் கடைசி மூவரில் ஒருவரை விட்டிருக்கவேண்டும். சங்கம் அவ்வாண்டு இன்னோர் இலை போட இசைந்தது, சங்கடம் தீர்ந்தது.

இதில் லோட்டோ, இஸ்ரேல் பிரீமியர் டெக் ஆகிய இரண்டின் கதை உங்களுக்கு ஊக்கம் தரும். 2020 முதல் 2022 வரை மூன்றாண்டுப் புள்ளிகளைக் கூட்டி, முதல் வகுப்பில் யார் இருப்பது என்று முடிவு செய்தபோது, இவ்விரண்டும் கீழே இறக்கப்பட்டன. இறக்கப்பட்டவை மனம் உடைந்து மறைந்துவிடவில்லை. இஸ்ரேல் அணி 2023 டூருக்கு விருப்ப அழைப்பினால் வந்தது. அவ்வணியின் மைக்கேல் வுட்சு என்னும் கனடா வீரர், 36 வயதில், பூயி தெ தோம் என்னும் எரிமலைச் சிகரத்தின்மேல் முடிந்த கட்டத்தை வென்றார். 2025-இலோ இரண்டு அணிகளும் எவர் தயவுமின்றித் தம் புள்ளிகளால் உள்ளே வந்தன.

அப்படியானால் புள்ளிக் கணக்கு ஒன்றே போதுமே, விருப்பம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் புள்ளிகளின் கதையையும் கேளுங்கள். 2022-ஆம் ஆண்டுப் பட்டியலில், உலகமே பார்க்கும் டூர் பந்தயத்தில் ஒரு கட்டத்தை வென்றவருக்கு 120 புள்ளிகள். எங்கோ ஒரு சிறு நகரில் நடக்கும் ஒருநாள் பந்தயத்தை வென்றவருக்கு 125 புள்ளிகள்! இறங்கிவிடுவோமோ என்று அஞ்சிய அணிகள் என்ன செய்யும்? பெரிய பந்தயங்களைவிட்டுச் சிறிய பந்தயங்களைத் தேடி ஓடின. வெற்றிக்காக ஓடவேண்டியவர்கள் ஐந்தாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் முட்டி மோதினர். மறு ஆண்டு டூர் கட்டத்தின் மதிப்பை 210 புள்ளிகளாக உயர்த்தித் திருத்தினர். எண்ணுக்குச் சார்பு இல்லை என்பர். எண்ணை வகுப்பவன் மனிதன் அல்லவா? அளவுகோல் கோணினால் அளக்கப்படும் ஓட்டமும் கோணிவிடும். மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கும் மாணவன் எந்தப் பாடத்தை விடுவான், எதனை நெட்டுருப் போடுவான் என்பதை நீங்கள் அறிவீர்கள், நானும் அறிவேன்.

தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் சேர்க்கைப் பட்டியலை ஆண்டுதோறும் கையில் ஏந்தியவன் நான். மதிப்பெண் வரிசைப்படி இடங்களை நிரப்புவது அரை நாள் வேலை. கடைசி இரண்டு மூன்று இடங்களே உறக்கத்தைக் கெடுக்கும். பட்டியலில் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளை, விளக்கில்லாத வீட்டிலிருந்து வருகிறவனாக இருக்கலாம். அவன் தகுதியைப் பட்டியல் காட்டாது. அதே வேளை, அந்த இடங்களுக்காகவே பரிந்துரைக் கடிதங்களும் வந்து குவியும். திறந்து வைத்த சிறு கதவின் வழியே நல்லவனும் வரலாம், வேண்டியவனும் வரலாம். இவ்விரண்டுக்கும் இடையேதான் தேர்வு செய்பவனின் நேர்மை சோதிக்கப்படுகிறது.

மிதிவண்டிப் பந்தயத்திலும் அச்சிறு கதவு நல்ல முறையில் திறந்த நாட்கள் உண்டு. 2015-இல் டூர் பந்தயத்துக்கு விருப்ப அழைப்புப் பெற்ற அணிகளுள் ஒன்று தென் ஆப்பிரிக்காவில் பதிவான 'எம்.டி.என். குபேக்கா' என்பது. ஆப்பிரிக்காவில் பதிவான அணி ஒன்று டூரில் ஓடியது அதுவே முதல் முறை. குபேக்கா என்பது, தென் ஆப்பிரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டி அளிக்கும் அறநிறுவனத்தின் பெயர். அச்சொல்லுக்கு முன்னேறுதல் என்று பொருள். அவ்வணியின் தானியல் தெக்லஹைமனோத் என்னும் எரித்திரிய இளைஞர், மலையேற்றத்தில் முதல்வனுக்குரிய செம்புள்ளிச் சட்டையை அணிந்த முதல் ஆப்பிரிக்கரானார். ஜூலை 18, நெல்சன் மண்டேலாவின் பிறந்த நாள். அன்று அதே அணியின் ஸ்டீவ் கம்மிங்சு என்னும் ஆங்கில வீரர் மாந்து நகரில் கட்டத்தை வென்றார்.

பெல்ஜியத்தின் 'வாண்டி' அணி 2017-இல் விருப்ப அழைப்பினால் முதன்முதலாக டூருக்குள் வந்த சிறிய அணி. வெல்லும் வலிமை அதற்கு அன்று இல்லை. ஆயினும் அதன் வீரர்கள் நாள் தவறாமல் முன்னால் பாய்ந்து ஓடிக் காட்டினர். அடுத்த ஈராண்டுகளும் அழைப்பு வந்தது. 2021-இல் அது முதல் வகுப்பில் சேர்ந்தது. 2024-இல் அவ்வணியின் பினியம் கிர்மாய் என்னும் எரித்திரியர் டூரில் மூன்று கட்டங்களை வென்று, விரைவோட்டத்துக்குரிய பச்சைச் சட்டையையும் பெற்றார். டூரில் கட்டம் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவரே. 2017-இல் கொடுத்த ஓர் அழைப்பு ஏழு ஆண்டு கழித்துப் பழுத்தது.

பெண்கள் பந்தயத்தில் இக்கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. 2022-இல் மகளிர் டூர் புதிதாகத் தொடங்கியபோது அழைக்கப்பட்ட 24 அணிகளில் முதல் வகுப்பைச் சேர்ந்தவை 14; மற்றைப் பத்தும் சிறிய அணிகள். வளரும் பயிருக்கு இடைவெளி வேண்டும் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது.

ஆனால் கதவு அகலமாக இருப்பது எப்போதும் அறத்துக்கு அறிகுறி ஆகாது. 2023 ஜிரோவில், தானாக அழைப்புப் பெறும் தகுதி பெற்றிருந்த இரண்டாம் வகுப்பு அணிகள் இரண்டும் தாமே ஒதுங்கிக்கொண்டன. அவற்றுக்கு உரிமை உண்டே தவிரக் கடமை இல்லை. நான்கு இடங்கள் நடத்துவோர் கைக்கு வந்தன. அவற்றில் மூன்று இத்தாலிய அணிகளுக்குச் சென்றன. தன் ஊர்ப் பிள்ளைக்கு இலை போடுவதில் தவறில்லை. அப்பிள்ளைகள் இல்லாமற்போனால் நாளை அந்நாட்டில் இவ்விளையாட்டே இராது என்று அவர்கள் கூறுவர். அதில் உண்மையும் உண்டு. ஆனால் வெளியே நிற்கும் அயலூர்ப் பிள்ளை, 'நான் குறைந்தவனா, அயலவனா?' என்று கேட்டால், அதற்கு நேரான விடை சொல்லக் கடமை உண்டு.

இந்த நூற்றிருபது ஆண்டு வரலாற்றிலிருந்து நான் கண்ட முடிவைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பான்மை இடங்கள் விதியால் நிரம்பவேண்டும்; அவ்விதி ஓட்டம் தொடங்குமுன் எல்லாரும் அறியும்படி எழுதப்பட்டிருக்கவேண்டும். அவ்வாறு இல்லாதபோது உலக வெற்றிவீரனும் வெளியே நிற்பான்; உரிமம் பெற்ற அணியும் அழியும். சில இடங்களேனும் விதிக்கு அப்பால் திறந்திருக்கவேண்டும். இல்லையேல் கொலம்பிய மலைப்பிள்ளைகளும் ஆப்பிரிக்க இளைஞர்களும் கதவைக் கண்டே இரார். அச்சில இடங்களைக் கொடுப்பவர், யாருக்கு ஏன் கொடுத்தோம் என்பதை வெளிப்படக் கூறும் துணிவு உடையவராக இருக்கவேண்டும். காரணம் சொல்லக் கூசும் தேர்வு நல்ல தேர்வாக இருத்தல் இயலாது.

மாணவ மாணவியரே, உங்களுள் சிலர் தகுதிப் பட்டியலின் தலைப்பில் நின்று உள்ளே செல்வீர்கள். அவர்கள் அந்த இடம் மூன்றாண்டுக்கு ஒருமுறை மீண்டும் எண்ணப்படும் என்பதை மறவாதிருக்கட்டும். சிலர் ஒருவருடைய நம்பிக்கையால் உள்ளே அழைக்கப்படுவீர்கள். அவர்கள் வாண்டி அணியினரைப்போல, வெல்ல இயலாத நாளிலும் முன்னால் ஓடிக் காட்டி, அழைத்தவர் தவறு செய்யவில்லை என்று மெய்ப்பிக்கட்டும். சிலர் தகுதி இருந்தும் வாயிலில் நிறுத்தப்படுவீர்கள். அவர்களுக்கு நான் சொல்வது: பந்தயம் ஒன்று மட்டும் இல்லை, அடுத்த வாயில் திறக்கும்போது கால்கள் ஆயத்தமாக இருக்கவேண்டும். இன்னும் சில ஆண்டுகளில் உங்களுள் பலர் மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்து பிறருக்கு அழைப்பு எழுதுவீர்கள். அன்று உங்கள் கையில் இருப்பது ஒரு தாள் அன்று, ஓர் அணியின் ஆண்டு வாழ்வு, ஓர் இளைஞனின் எதிர்காலம் என்பதை நினைத்து எழுதுவீர்களாக.